கல்லைக் கையில் கொடுங்கள்

(விஞ்ஞான ஆசிரியர் கூட்டமொன்றில், கனிமங்களையும் படிகங்களையும் கற்பிக்கும் முறை குறித்து நிகழ்த்திய சொற்பொழிவு)



நான் படித்த பள்ளிக்கூடத்தின் விஞ்ஞான அறையில், சுவரை ஒட்டி, கண்ணாடிக் கதவுகள் வைத்த தேக்குமர அலமாரி ஒன்று இருந்தது. அதனுள்ளே பஞ்சு பரப்பிய அட்டைப் பெட்டிகளில் நாற்பது ஐம்பது கற்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் அதன் பெயரைத் தாங்கிய சீட்டு ஒன்று மஞ்சளேறிக் கிடந்தது. அந்த அலமாரியை ஐந்து வருஷ காலம் அனுதினமும் கடந்து போய்க்கொண்டிருந்த நான், அதிலிருந்த கற்களுள் ஒன்றையேனும் தொட்டதில்லை. அதன் திறவுகோல் யாரிடம் இருந்தது என்பதுகூட எனக்குத் தெரியாது. கனிமங்களின் கடினத்தன்மையை வரிசைப்படுத்தி எழுதுக என்று பரீட்சையில் ஒரு வினா வந்தபோது, பத்துப் பெயர்களையும் பிழையின்றி எழுதி முழு மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால் அன்று மாலை வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் காலில் இடறிய கல் அந்தப் பத்தில் எது என்று யாராவது கேட்டிருந்தால், விடை சொல்லத் தெரியாமல் விழித்திருப்பேன்.

இன்று நான் உங்களிடம் விண்ணப்பித்துக்கொள்ள வந்திருப்பது ஒரே விஷயந்தான். கனிமப் பாடத்தில் பெயர் கடைசியில் வரவேண்டும். முதலில் கல் மாணாக்கனுடைய கைக்கு வரவேண்டும். அவன் அதை ஏந்திப் பார்க்கவேண்டும், கீறவேண்டும், உரைக்கவேண்டும், நனைக்கவேண்டும், அவசியமானால் உடைக்கவும் வேண்டும். அதன் சுபாவம் இன்னதென்று தன்னுடைய சொந்த வார்த்தைகளில் நாலு வரி எழுதவேண்டும். இவ்வளவும் நடந்தேறிய பிறகு, ‘இதற்கு என்ன பெயர் ஐயா?’ என்று அவனே பொறுக்கமாட்டாமல் கேட்கும் அந்தக் கணத்தில்தான் உபாத்தியாயர் பெயரைச் சொல்லவேண்டும். குழந்தை பிறந்த பிறகுதானே நாம் பெயர் சூட்டுகிறோம்! பெயரை முன்னால் சொல்லிவிட்டால், கண் கல்லைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுச் சீட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது.

இதற்கு விலையுயர்ந்த சாதனங்கள் வேண்டுமே என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. கற்களைப் பரீட்சிக்கும் முறைகளுள் பெரும்பாலானவை நம்முடைய அடுக்களையிலும் தட்டான் பட்டறையிலும் தெருவிலும் நெடுங்காலமாகவே கையாளப்பட்டு வருபவை.

கடினத்தன்மையையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஜெர்மானியக் கனிமவியலாரான பிரெடெரிக் மோஸ் என்பவர் 1812-இல் வகுத்த வரிசையில், மாக்கல், ஜிப்சம், கால்சைட், புளூரைட், அபடைட், பெல்ஸ்பார், குவார்ட்ஸ், புஷ்பராகம், குருந்தம், வைரம் என்று பத்துக் கனிமங்கள் நிற்கின்றன. மேலே நிற்பது கீழே நிற்பதைக் கீறும், கீழே நிற்பது மேலே நிற்பதைக் கீறாது. அந்த வரிசையின் சூத்திரம் இவ்வளவே. இதை மனப்பாடம் செய்விப்பதற்கு முன்னால், நம் பாட்டனார் காலத்துப் பிள்ளைகள் சிலேட்டில் எழுதிய பலப்பத்துண்டு ஒன்றை மாணாக்கர் கையில் கொடுத்து, ‘இது ஏன் எழுதுகிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். சிறிது நேரம் சிலேட்டைக் கீறிக்கொண்டிருந்துவிட்டு, சிலேட்டைக் காட்டிலும் பலப்பம் மெத்தென்றிருப்பதால் தான் தேய்ந்து தன்னையே சிலேட்டின்மேல் விட்டுச் செல்கிறது என்று வகுப்பில் ஒரு பிள்ளையாவது சொல்லும். அந்தப் பலப்பமே மாக்கல். அதைக் குடைந்துதான் புளிக்குழம்பு காய்ச்சும் கல்சட்டியையும் செய்தார்கள். மோஸ் வரிசையின் முதற்படி அதுவே. நகம் இரண்டரை, செப்புக்காசு ஏறக்குறைய மூன்று, பேனாக்கத்தியும் ஜன்னல் கண்ணாடியும் ஐந்தரை என்று மூன்று அளவுகளை மாத்திரம் கரும்பலகையில் எழுதிவிட்டு, ஆற்றங்கரையிலும் ரயில் பாதையோரத்திலும் மாணாக்கர் பொறுக்கி வந்த கற்களை அவர்களையே வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். தென்பாண்டிச் சீமையில் வெங்கச்சங்கல் என்று சொல்லப்படும் வெள்ளைக் கல்லைக் கத்தி கீறாது. அந்தக் கல் கண்ணாடியைக் கீறிவிடும். ஆகையால் அது ஐந்தரைக்கு மேற்பட்டது என்று தீர்மானித்த மாணாக்கனுக்கு, அது குவார்ட்ஸ், அதன் எண் ஏழு என்று சொல்லும்போது, அந்த எண் அவன் தானே சம்பாதித்த பொருளாகிவிடுகிறது.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. கீறியதாகத் தோன்றும் கோடெல்லாம் கீறல் அன்று. ஈரவிரலால் துடைத்துப் பாருங்கள். துடைத்தால் போய்விடும் கோடு, கீற வந்த பொருள் தேய்ந்து விட்ட துகள். துடைத்தும் நிற்பதே உண்மையான கீறல். இந்த ஒரு வித்தியாசத்தை மாணாக்கன் தானே கண்டுபிடிக்கும்படி விடுங்கள். தன் கண்ணையே சந்தேகிக்கவும், பிறகு அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளவும் அவன் அங்கேதான் பழகுகிறான்.

வரிசையின் மேற்கோடியில் ஒன்பதாவதாக நிற்கும் பொருளைச் சொல்லும்போது நம்மவர் சற்றே நிமிர்ந்து உட்காரலாம். ஆங்கிலம் முதலிய ஐரோப்பிய பாஷைகளில் ‘கொரண்டம்’ என்று வழங்கும் சொல், குருந்தம் என்னும் நம் தமிழ்ச் சொல்லேயாகும். தெருவில் கத்திக்குச் சாணை பிடிக்க வருகிறவரின் சக்கரத்தில் அரக்கோடு குழைத்து ஏற்றப்பட்ட பொடி இதுவே. கெம்பும் நீலமும் இதன் நிறமேறிய உருவங்கள். இந்தப் பத்துப் படிகளும் சம உயரமுள்ளவை அல்ல என்பதையும் மாணாக்கருக்குச் சொல்லிவைப்பது நல்லது: கருவிகளால் அளந்து பார்க்கும்போது, குருந்தத்துக்கும் வைரத்துக்கும் இடையிலுள்ள ஒரே படி, மாக்கல்லிலிருந்து குருந்தம் வரையிலுள்ள எட்டுப் படிகளையும் சேர்த்ததைவிட உயரமானது.

இனி உரைத்துப் பார்த்தல். கல்லின் நிறத்தை நம்பாதே, அது விடும் பொடியின் நிறத்தை நம்பு என்பது கனிமவியலின் பால பாடம். பொன்னை அதன் பளபளப்பால் மதிக்காமல் உரைகல்லில் இழுத்த கோட்டால் மதிக்கும் தட்டானுக்கு இதை யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தரைக்குப் பதிக்கும் ஓட்டின் மெருகேறாத பின்புறமே வகுப்புக்குப் போதுமான உரைகல். கறுத்து, இரும்புபோல் மின்னும் ஹெமடைட்டை அதன்மேல் இழுத்தால், காவிக்கல்லின் செந்நிறக் கோடு விழுகிறது. அதே கறுப்போடு அதன் அருகில் இருக்கும் மாக்னடைட் கறுப்புக் கோட்டையே விடுகிறது. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகளைப் போன்ற இரண்டும், ஓட்டின்மேல் ஒரு இழுப்பில் பிரிந்துவிடுகின்றன. சேலத்துக்கு அருகிலுள்ள கஞ்சமலைக் கல் கிடைக்குமானால் அதனருகே காந்தத்தைக் கொண்டுபோங்கள்; மாக்னடைட் தன்னை மறைத்துக்கொள்ள முடியாது. அதே சேலத்தில் வெண்கரடாகக் கிடக்கும் மாக்னசைட் இன்னொரு நல்ல ஆசான்: சுக்கான்கல்லின்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு துளி விட்டால் உடனே பொங்குகிறது, மாக்னசைட்டோ, அமிலத்தைச் சூடாக்கும் வரையில் பேசாமலிருக்கிறது. வெளுப்பெல்லாம் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

அன்பர்களே, நான் மிகவும் விரும்பிச் சொல்ல நினைப்பது அரித்தலைப் பற்றி. சமைப்பதற்கு முன்னால் நம் தாய்மார்கள் அரிசியைக் களைந்து, இரண்டு பாத்திரங்களை வைத்துக்கொண்டு, நீரோடு மெல்ல மெல்லச் சரித்துச் சரித்து ஊற்ற, அரிசி நீரோடு போய்விடுகிறது, கல் அடியில் தங்கிவிடுகிறது. தட்டார் தெருச் சாக்கடை மண்ணை வாரி அரித்துப் பொன் துகளைச் சேகரிக்கும் ஏழைத் தொழிலாளி செய்வதும் இதுதான். பெரிய பெரிய யந்திரங்களை வைத்துக்கொண்டு கடற்கரை மணலிலிருந்து கனிமங்களைப் பிரிக்கும் தொழிற்சாலை செய்வதும் அடிப்படையில் இதுதான். கடலோரத்துப் பள்ளியாயிருந்தால், அலை ஒதுங்கிய இடத்தில் கறுத்துத் திட்டுத்திட்டாகத் தெரியும் மணலில் ஒரு கொட்டாங்கச்சி அளவு எடுத்து, அகன்ற தட்டில் நீர்விட்டு அரிக்கச் சொல்லுங்கள். நீரைப்போல் 2.65 மடங்கு கனமுள்ள குவார்ட்ஸ் முதலில் வழிந்து ஓடும். நான்கு மடங்குக்கு மேலும் கீழுமாகக் கனக்கும் செந்நிறக் கார்னெட்டும், நாலரையைத் தாண்டிய கரிய இல்மனைட்டும் அடியில் பிறைபோலப் படியும். பூதக்கண்ணாடியால் அந்தப் பிறையைப் பார்த்த பிள்ளை, மணல் என்றால் ஒரே பொருள் என்று அதற்குப் பிறகு ஒருநாளும் எண்ணாது.

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலின் கதையை இந்த இடத்தில் சொல்லலாம். 1909-இல் ஷாம்பர்க் என்னும் ஜெர்மானிய ரசாயனி, திருவிதாங்கூர்ச் சீமையிலிருந்து கப்பலேறி வந்த தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த மணலைத் தட்டி எறிந்துவிடாமல் பரிசோதித்தார். அதில் தோரியம் அடங்கிய மோனசைட் இருக்கக் கண்டார். தோரியத்துக்கு அக்காலத்தில் காஸ் விளக்கின் வலைத்திரிகளுக்காக மிகுந்த கிராக்கி இருந்தது. அந்தக் கயிற்று மணலின் வழியைப் பற்றிக்கொண்டு வந்துதான் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் தொழில் தோன்றியது. கயிறு வாங்கியவர்கள் அநேகர். ஒட்டிய மணலைப் பார்த்தவர் ஒருவர். (மோனசைட் சிறிதளவு கதிரியக்கம் உடையதாகையால், அந்தப் பகுதி மணலை வகுப்பில் சேர்த்து வைத்திருக்க வேண்டாம்; பார்த்துவிட்டு, கைகளைக் கழுவிக்கொண்டு, எடுத்த இடத்திலேயே விட்டுவிடுவது உத்தமம்.)

இன்னொருவரையும் நினைத்துக்கொள்ள வேண்டும். டாரதி ஹாட்ஜ்கின் என்னும் ஆங்கிலப் பெண்மணி, பத்து வயதுச் சிறுமியாக ஒரு சிறிய வகுப்பில் படிகாரத்தையும் துருசையும் கரைத்துப் படிகம் வளர்த்தார். பிறகு சூடான் நாட்டுக் கார்ட்டூமில் பெற்றோருடன் தங்கியிருந்தபோது, அங்கே ஓடும் நீரில் மணலை அரித்துக் கறுப்பான ஒரு கனிமத்தைக் கண்டெடுத்து, குடும்ப நண்பரான மண் ரசாயனி ஒருவரின் துணையோடு பரிசோதித்து, அது இல்மனைட் என்று துணிந்தார். மணவாளக்குறிச்சியில் கிடைக்கும் அதே இல்மனைட். அந்தச் சிறுமிதான் பின்னாளில் பெனிசிலினின் அமைப்பையும் பி12 வைட்டமினின் அமைப்பையும் படிகங்களின் வழியாகக் கண்டறிந்து, 1964-இல் ரசாயனத்துக்கான நோபெல் பரிசைப் பெற்றார். எல்லாப் பிள்ளைகளும் அப்படி ஆவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் குழந்தையின் கையில் ஒருவர் தட்டையும் மணலையும் கொடுத்திருந்தார் என்பதை நாம் மறக்கலாகாது.

இனிப் படிகங்களுக்கு வருவோம். படிகம் வளர்த்தலைப்போல் மாணாக்கருடைய மனத்தைக் கட்டிப்போடும் பயிற்சி வேறொன்றை நான் அறியேன். தூத்துக்குடியிலும் வேதாரணியத்திலும் உப்பளத்துப் பாத்திகளில் வெயில் காய்வதைப் பார்த்தவர்கள், படிகம் வளர்வதைப் பார்த்தவர்களே. கல்லுப்பை ஒரு கறுப்புக் காகிதத்தின்மேல் கொட்டிக் கண்ணாடியால் பார்த்தால், சதுரச் சதுரமான முகங்கள் தெரியும். பெரிய கல் ஒன்றைத் தேர்ந்து, கத்தி முனையை முகத்துக்கு நேராக வைத்து மெல்லத் தட்டினால், உடைந்த துண்டும் சதுர முகமுள்ளதாகவே பிரியும். பனங்கற்கண்டு செய்வோர், காய்ச்சிய பதநீர்ப் பாகில் நூல்களைத் தொங்கவிட்டு வாரக்கணக்கில் அசையாமல் வைத்திருக்கிறார்கள். கற்கண்டின் நடுவே பல்லில் அகப்படும் நூல் அந்த நூல்தான். படிகாரம் என்னும் பெயரிலேயே படிகம் ஒளிந்திருக்கிறது.

வகுப்பில் எதை வளர்ப்பது? உப்பை விரும்பிச் சிலர் தொடங்குகிறார்கள். பிறகு ஏமாந்து போகிறார்கள். காரணம் இது: உப்பு, குளிர்ந்த நீரிலும் கொதிநீரிலும் ஏறத்தாழ ஒரே அளவுதான் கரைகிறது, ஆகவே சூடான கரைசலை ஆறவைப்பதால் உப்பு வெளியே வராது, நீர் ஆவியாகிப் போனால்தான் வரும். படிகாரத்தின் சுபாவம் வேறு: 100 மில்லி லிட்டர் நீரில், 20 பாகை உஷ்ணத்தில் 11 கிராம் சொச்சமே கரையும் படிகாரம், 60 பாகையில் 50 கிராமுக்கு மேல் கரைந்துவிடுகிறது. உப்பளத்துக்கு ஏன் வெயில் வேண்டும், படிகாரத்துக்கு ஏன் ஆறுதல் வேண்டும் என்பது இதனால் விளங்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடத்தினால், கரைதிறன் என்று ரசாயனப் புஸ்தகத்தில் வறட்சியாகக் கிடக்கும் அத்தியாயம் உயிர்பெற்று எழுந்துவிடும்.

படிகாரம் வளர்க்கும் முறையைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்லுகிறேன். ஏனென்றால் இதில் தோல்வியடைந்து கைவிட்ட ஆசிரியர்கள் பலரை நான் அறிவேன். நம் நாட்டு அறையின் உஷ்ணத்துக்கு, 100 மில்லி லிட்டர் நீருக்கு 20 கிராம் என்ற விகிதத்தில் படிகாரத்தைச் சூட்டில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, ஒரு தட்டில் சிறிது ஊற்றி ஓரிரவு வையுங்கள். காலையில் தட்டின் அடியில் கடுகும் மிளகுமாகச் சிறு படிகங்கள் இருக்கும். அவற்றுள் முகங்கள் குறையில்லாத ஒன்றைத் தேர்ந்து, தலைமயிரில் அல்லது மெல்லிய நைலான் இழையில் முடிந்து, நன்றாக ஆறி எஞ்சிய கரைசலில் தொங்கவிட்டு, தூசி விழாமல் துணியால் மூடுங்கள். நூல் முரடாயிருந்தால் நூல் முழுவதும் படிகங்கள் பூத்துவிடும். நம் ஊரில் நேரும் பெரிய இடையூறு நடுப்பகல் வெப்பந்தான்: இரவில் வளர்ந்ததை உச்சிவேளை கரைத்துவிடுகிறது. ஜாடியை ஈரமணல் நிரப்பிய மண்தொட்டிக்குள் புதைத்து, வெயில் எட்டாத மூலையில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். யாரும் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. பொறுமையும் இந்தப் பாடத்தில் சேர்ந்ததே. இரண்டு வாரத்தில், எட்டு முகங்களோடு, கண்ணாடிபோல் தெளிந்த படிகம் ஒன்று தொங்கும்.

இனித்தான் உண்மையான பாடம். வகுப்பில் நாற்பது மாணாக்கர் நாற்பது படிகங்கள் வளர்த்திருக்கிறார்கள். ஒன்று மிளகளவு, ஒன்று நெல்லிக்காயளவு, ஒன்று ஒருபக்கம் சூம்பிப்போய், ஒன்று தட்டையாக. எல்லாம் வேறு வேறாகத்தானே இருக்கின்றன என்று கேட்டுவிட்டு, இரண்டு அட்டைக் கீற்றுகளை ஒரு ஊசியால் கத்தரிக்கோல்போல் கோத்து, அடுத்தடுத்த இரு முகங்களின்மேல் படியவைத்து, விரிந்த கோணத்தைப் பாகைமானியால் அளக்கச் சொல்லுங்கள். மிளகும் 109½ பாகை, நெல்லிக்காயும் 109½ பாகை, சூம்பியதும் அதுவே. அரைப்பாகை ஒருபாகை இப்படி அப்படி இருந்தால் அது அளந்த கையின் பிழை. 1669-இல் நிக்கலாஸ் ஸ்டீனோ என்னும் டென்மார்க் அறிஞர், குவார்ட்ஸ் படிகங்களை வைத்து வெளியிட்ட உண்மை இது: உருவம் மாறலாம், பருமன் மாறலாம், முகங்களுக்கிடையேயுள்ள கோணம் மாறுவதில்லை. அந்த உண்மையை ஒரு பிள்ளை தன் பக்கத்துப் பிள்ளையின் விடையைப் பார்த்துத் திடுக்கிட்டு உணரும் அந்த நிமிஷம், ஒரு வருஷத்துப் பாடத்துக்குச் சமானம்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். நன்றாக வளர்ந்த படிகம் ஒன்றை எடுத்து, அதன் மூலைகளையெல்லாம் அரத்தாலும் ஈரத்துணியாலும் மழுக்கிக் கோலிக்குண்டுபோல் உருட்டையாக்கி, மறுபடியும் அந்தக் கரைசலிலேயே தொங்கவிடுங்கள். நாளாக ஆக அந்த உருண்டையின்மேல் சிறு சிறு தட்டை இடங்கள் தோன்றும், அவை பரந்து ஒன்றையொன்று தொடும், விளிம்புகள் கூர்மையாகும், முடிவில் பழைய எட்டு முகங்களும் பழைய கோணங்களோடு திரும்பி வந்து நிற்கும். நாம் அழித்த உருவத்தை அது எதைக்கொண்டு நினைவு வைத்திருந்தது? இந்தக் கேள்வியை மாணாக்கர் கேட்கும் வரையில் அணுக்களின் அமைப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். கேட்டுவிட்டால், பேசாமல் இருக்கவே முடியாது.

அந்த அமைப்பை விளக்குவதற்கும் நம்மிடம் ஒரு செல்வம் இருக்கிறது: கோலம். வாசலில் புள்ளி வைக்கும் பெண்கள் நேர்ப்புள்ளி, இடைப்புள்ளி என்று இரண்டு வகை வைக்கிறார்களே, முன்னதில் ஒவ்வொரு புள்ளிக்கும் நெருங்கிய அண்டை வீட்டார் நால்வர், பின்னதில் அறுவர். உப்பின் ஒரு முகத்தை நேர்ப்புள்ளிக் கோலமாகவே வரைந்து காட்டலாம். சோடியமும் குளோரினும் ஒன்றுவிட்டு ஒன்றாக நிற்கும் அந்த ஒழுங்கை 1913-இல் எக்ஸ்-கதிர்களின் உதவியால் கண்டுகொண்ட லாரன்ஸ் பிராக், தம் தந்தையாரோடு நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது அவருக்கு வயது 25. இடைப்புள்ளியைத் தட்டில் காண வேண்டுமானால், சோப்புக் கரைசலில் மீன்தொட்டிக் காற்றுக்குழாயின் முனையில் மெல்லிய ஊசியைப் பொருத்தி ஒரே அளவான குமிழிகளை விட்டுப் பாருங்கள். அவை தாமாகவே நெருங்கி, ஒவ்வொன்றும் ஆறு அண்டையாரோடு அணிவகுத்துவிடும். ஓரிடத்தில் அணி முறிந்து வேறு திசையில் தொடங்குவதையும், ஒரு குமிழி இல்லாமல் ஓட்டை விழுந்திருப்பதையும் காணலாம். உலோகங்களுக்குள் உள்ள குறைகளைக் காட்டுவதற்காக 1947-இல் அதே பிராக், நை என்பவரோடு சேர்ந்து வெளியிட்ட முறை இது.

பிறகு, பெண்பிள்ளைகளைப் பார்த்து ஒன்று கேளுங்கள்: ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஐந்தே புள்ளிகள், ஒழுங்கான ஐங்கோணமாக, தரை முழுவதும் நிரம்பும்படி கோலம் வைக்க முடியுமா? சுண்ணக்கட்டியும் துணியுமாக அவர்கள் வரைந்து வரைந்து அழிக்கட்டும். முடியாது என்பதை அவர்களுடைய கையே கண்டுகொள்ளும். ஐந்து மடங்குச் சமச்சீர் படிகத்துக்கு இல்லை என்பது நெடுங்காலம் சாஸ்திரத்தின் விதியாக இருந்தது. 1982-இல் டான் ஷெக்ட்மன் என்னும் இஸ்ரேலிய விஞ்ஞானி, விரைந்து உறையச் செய்த அலுமினியம்-மாங்கனீஸ் கலவையில், ஒரே வடிவம் மாறாமல் திரும்பத் திரும்ப வராத, ஆயினும் ஒழுங்குள்ள அமைப்பைக் கண்டு அந்த விதியை அசைத்தார். சகாக்களின் அவநம்பிக்கையை நெடுநாள் தாங்கிய பிறகு 2011-இல் நோபெல் பரிசு பெற்றார். அன்று வாசலில் தோற்ற பிள்ளைக்குத்தான் ஷெக்ட்மன் கண்டதன் மகிமை விளங்கும்.

பாறைகளில் சில மணிமணியாகவும் சில மாவுபோலவும் இருப்பதேன் என்பதற்கு எரிமலைப் படங்களைத் தேடி அலைய வேண்டாம். உருக்கிய நெய்யை இரண்டாகப் பங்கிட்டு, ஒரு பங்கைப் பனிக்கட்டி நீரில் வைத்துச் சட்டென்று உறையவிடுங்கள். மற்றதைத் துணியால் சுற்றி மெல்ல ஆறவிடுங்கள். முன்னது வெண்ணெய்போல் வழவழவென்றிருக்கும். பின்னது மணல் மணலாகத் திரண்டிருக்கும். பூமியின் ஆழத்தில் மெல்ல ஆறிய கருங்கல்லில் மணிகள் பெரியவையாகவும், வெளியே வழிந்து விரைவில் ஆறிய பஸால்டில் கண்ணுக்குத் தெரியாதபடி சிறியவையாகவும் இருப்பதன் காரணம் அந்தக் கிண்ணங்களிலேயே இருக்கிறது.

ஒரு மயக்கத்தை மாத்திரம் தீர்த்துவிட வேண்டும். பட்டை தீட்டிய கண்ணாடி மணியைப் படிகம் என்றும், மழுங்கிய ஆற்றுக் கூழாங்கல்லை வெறுங்கல் என்றும் பிள்ளைகள் நினைக்கிறார்கள். திருச்சிராப்பள்ளிச் சுற்றுவட்டாரத்தில் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் கைத்தொழிலாளரின் திறமை மிகப் பெரியது. எனினும் அந்தப் பட்டைகள் மனிதன் வைத்தவை. படிகத்தின் முகங்களோ அது உள்ளிருந்தே ஏந்தி வந்தவை. கண்ணாடியை உடைத்தால் சிப்பிபோல் வளைந்து உடையும். கால்சைட்டை உடைத்தால், எத்தனை முறை உடைத்தாலும், முகங்கள் 105 பாகையிலும் 75 பாகையிலும் சந்திக்கும் சாய்சதுரத் துண்டுகளாகவே பிரியும். தெளிந்த கால்சைட் துண்டு ஒன்று கிடைக்குமானால் அதை அச்செழுத்தின்மேல் வையுங்கள். எழுத்து இரண்டாகத் தெரியும். காக்காப்பொன் தகட்டை நகத்தால் உரிக்க உரிக்க ஏடாக வந்துகொண்டே இருக்கும். அந்த ஏட்டைக் கணிப்பொறித் திரைக்கும் போலராய்ட் மூக்குக்கண்ணாடிக்கும் இடையில் பிடித்துத் திருப்பினால், நிறமற்ற தகட்டில் நிறங்கள் எழும். திருச்சியில் பிறந்த பௌதிக அறிஞர் சி. வி. ராமன் அவர்கள் தம் பிற்காலத்தில் வைரங்களையும் பெல்ஸ்பார்களையும் தேடித் தேடிச் சேர்த்து, அவற்றின் ஒளியை ஆராய்வதில் ஆனந்தம் கண்டார்; அந்தச் சேகரம் இன்றும் பெங்களூரில் அவருடைய ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறது.

வகுப்பறைக்கு வெளியே செல்ல முடிந்தவர்கள் கட்டாயம் செல்லுங்கள். சென்னைக்கு அருகில் பல்லாவரத்துக் குன்று இருக்கிறது. அதன் கரும்பச்சைப் பாறைக்குச் சார்னகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்னும் ஆங்கிலேயரின் சமாதிக்கல் சென்னைப் பக்கத்திலிருந்து கொண்டுபோன இந்தப் பாறையாக இருக்கக் கண்டு, தாமஸ் ஹாலண்ட் என்னும் புவியியலார் அந்தப் பெயரை இட்டார். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் அனார்த்தசைட் என்னும் வெளிறிய பாறை இருக்கிறது. சந்திரனுடைய மேட்டுநிலப் பாறைக்கு அது உறவு. ஆகவேதான் சந்திரயான் இறங்குகலத்தைப் பழக்குவதற்கு அந்தப் பாறையைப் பொடித்துச் சந்திர மண்ணைப்போல் ஆக்கினார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் தினமும் மிதித்து நடக்கும் கல் அது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், உள்ளூர்க் கோயில் மண்டபத்துக்குப் போய்த் தூணில் மின்னும் மணிகளை எண்ணலாம். ஆனால் அங்கே கண்ணால் மட்டும். கத்தியும் அமிலமும் கோயிலுக்குள் வரக்கூடாது.

அபாயங்களையும் சொல்லவேண்டியது என் கடமை. கல்லை உடைக்கும்போது துணியில் சுற்றி உடைக்கவேண்டும், கண்ணுக்குக் காப்பு வேண்டும். துருசு நீலத்தில் மனத்தைக் கவரும்; ஆனால் விஷம்; சிறுவர் வகுப்பில் உபாத்தியாயர் கையிலேயே இருக்கட்டும். நார் நாராகப் பிரியும் கல்லையும், ஈயம் அடங்கிய கல்லையும் பிள்ளைகளிடம் கொடுக்கவேண்டாம். எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கும் வழக்கம் கூடவே கூடாது; கற்கண்டுப் படிகத்தை வளர்ப்பதானாலும் சோதனைச் சாலைப் பாத்திரத்தில் வளர்த்ததைத் தின்னலாகாது.

இத்தனைக்கும் அவகாசம் எங்கே, பாடத்திட்டம் முடிய வேண்டாமா என்று நீங்கள் கேட்பது எனக்குத் தெரியாமலில்லை. பத்துக் கனிமங்களை வருணிக்கும் பாடத்தை மூன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள்; மூன்றையும் கையால் அறிந்தவன் மற்ற ஏழையும் புஸ்தகத்தில் தானே படித்துக்கொள்ளுவான். பத்தையும் கண்ணால் மட்டும் படித்தவனுக்கு ஒன்றும் கிட்டாது. நானே அதற்குச் சாட்சி. எழும்பூர் அரசாங்கப் பொருட்காட்சிசாலை 1851-இல் தோன்றியபோது அதன் மூலதனமாக இருந்தவை 1,100 கல் மாதிரிகளே. ஒரு பள்ளிக்குப் பதினொரு கற்கள் போதும். அவை பூட்டில்லாத பெட்டியில் இருக்கவேண்டும். விளிம்புகள் தேய்ந்து, கீறல் விழுந்து, வருஷத்துக்கு ஒன்றிரண்டு காணாமலும் போகவேண்டும். காணாமற்போன கல் யாரோ ஒரு பிள்ளையின் சட்டைப்பையில் இருக்கிறது என்று எண்ணி மகிழுங்கள்.

இந்த மண்டபத்தின் வாசலில், வலப்பக்கத்து மேஜையின்மேல், இருபது இருபது கிராமாகப் படிகாரப் பொட்டலங்கள் கட்டி வைத்திருக்கிறேன். பக்கத்தில் நைலான் இழைகளும் நறுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். மாணாக்கரிடம் கொடுப்பதற்கு முன்னால், இன்றிரவே உங்கள் வீட்டில் ஒன்று வளர்க்கத் தொடங்குங்கள்.